திருகோணமலைக்கு வந்த உபகாரிகள்

திருகோணமலைக் கரையில் வந்து இறங்கிய முதல் வெளிநாட்டு உதவித் திட்டம் என்று நான் கணக்கெடுப்பது டென்மார்க்கினுடையதைத்தான். ஆண்டு 1620.

கண்டி மன்னன் செனரத்துக்கும் போர்த்துக்கேயருக்கும் ஓயாத சண்டை. ஐரோப்பாவில் யாராவது ஒரு அரசனைப் பிடித்துப் படை உதவி வாங்கி வரும்படி மார்செலிஸ் பொஷௌவர் என்ற ஒல்லாந்தரை அவன் அனுப்பிவைத்தான். இன்றைக்கென்றால் அவருக்கு ஆலோசகர் என்று பெயர். ஆலோசகரை வெறும் ஆளாக அனுப்ப முடியுமா? இளவரசர் பட்டமே கொடுத்திருந்தார்கள். சொந்த நாட்டுக்காரர்கள் கைவிரித்துவிட, அவர் டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியனின் அரண்மனைக்குப் போனார். கண்டியின் செல்வத்தையும் கறுவாவையும் பற்றி அங்கே என்னென்ன அளந்தாரோ, 1618 இல் ஒப்பந்தம் எழுதிக் கப்பல்களும் புறப்பட்டுவிட்டன.

கப்பல்கள் இங்கே வந்து சேர ஒன்றரை வருஷம் ஆனது. வரும் வழியில் ஆலோசகர் காலமானார். கண்டி மன்னனோ அதற்குள் போர்த்துக்கேயரோடு சமாதானமாகிவிட்டிருந்தான். தளபதி ஓவே கியெத்தே ஒப்பந்தத்தை நீட்டினால், “இப்படியெல்லாம் எழுதித்தரச் சொல்லி நான் யாரையும் அனுப்பவில்லையே” என்கிற பாவனையில் அவன் கையை விரித்தான். அப்படியானால் வந்த செலவுக்கு என்ன வழி என்றார்கள் டேனியர்கள். கையில் காசு இல்லை, திருகோணமலை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேச்சு முடிந்தது. அவர்களும் ஒரு கோட்டையை அரைகுறையாகக் கட்டினார்கள், கொஞ்சம் நாணயம் அடித்தார்கள், பிறகு தரங்கம்பாடியே சௌகரியம் என்று அங்கே போய் இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டார்கள்.

சண்டை முடிந்த பிறகு உதவி வந்தது. உதவி பெறுகிறவருக்கே உதவியின் விவரம் தெரியாது. கடைசியில் செலவுக் கணக்குக்கு ஈடாக ஊர்க்காணி போனது. கட்டடம் பாதியில் நின்றது. பிற்காலத்தில் எத்தனையோ நிபுணர்கள் மாநாடு கூட்டி, அறிக்கை எழுதி, விமானம் ஏறி வந்து செய்தவற்றையெல்லாம் ஓவே கியெத்தே பாய்மரக் கப்பலில் வந்தே செய்து முடித்துவிட்டார்.

அடுத்து வந்தவர்கள் உதவி என்ற பேச்சையே எடுக்கவில்லை என்பதால் அவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த கல்லைக் கொண்டே 1624 இல் கோட்டை கட்டினார்கள். உள்ளூர் மூலப்பொருள் பயன்பாடு என்று இன்று இதற்குத் தனிப் புள்ளி கிடைத்திருக்கும். 1782 இல் ஜனவரியில் பிரித்தானியரும் ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் ஊரைப் பிடித்தார்கள். அந்த வருஷம் யாருக்கு வரி கட்டுவது என்று ஊர்ச்சனம் எப்படித்தான் தெரிந்துகொண்டதோ.

நேரே 2002க்கு வருவோம்.

பெப்ரவரி 22 இல் அரசும் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். சமாதானம் வரும் வழியில் இருக்கும்போதே அதைப் பற்றிய பயிலரங்குகள் ஊருக்கு வந்துவிட்டன. நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபம், சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாள், நாலு நிற மார்க்கர் பேனை, பத்து மணிக்கு ரோல்ஸும் தேநீரும், பகல் சாப்பாட்டுப் பொதி, பின்னேரம் போக்குவரத்துச் செலவுக்குக் கையெழுத்து. முரண்பாட்டை மரமாக வரைய வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பிரபலமான பயிற்சி. வேரில் காரணம், கிளையில் விளைவு எழுத வேண்டும். எங்கள் ஊர்க் கரைவலைச் சம்மாட்டி ஒருவரிடம் பேனையைக் கொடுத்தால், மனிதர் நல்ல வேப்பமரமாக ஒன்று வரைந்து, கீழே ஒரு வாங்கும் போட்டு, அதில் இருவரை இருத்திவிடுவார். அதைவிடச் சிறந்த சமாதானத் திட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

2003 ஜூனில் தோக்கியோவில் உதவி வழங்குவோர் மாநாடு. ஐம்பத்தொரு நாடுகளும் இருபத்திரண்டு சர்வதேச நிறுவனங்களும் கூடி, நாலு வருஷத்துக்கு 450 கோடி டொலர் தருவதாக வாக்களித்தன. ஜப்பான் மட்டும் 100 கோடி. சமாதானப் பேச்சு முன்னேறினால்தான் காசு என்று நிபந்தனையும் உண்டு. இதில் ஒரேயொரு சின்னக் குறை. சமாதானம் பேச வேண்டிய இரண்டு பேரில் ஒருவரான புலிகள் ஏப்ரலிலேயே பேச்சிலிருந்து விலகி, மாநாட்டுக்கு வரவேயில்லை. மாப்பிள்ளை வராத கலியாணத்தில் மொய் எழுதிய தொகை 450 கோடி. வட-கிழக்குப் புனரமைப்பு நிதியம் என்று ஒன்றை உருவாக்கி, உலக வங்கியைக் காவலாளியாக வைப்பதென்றும் முடிவு செய்திருந்தார்கள். காவலாளி நின்றார், காவல் காக்க உள்ளே எதுவும் வரவில்லை.

எல்லாமே வீண் என்று சொன்னால் பாவம் பிடிக்கும். நெக்கோர்ட், நெயாப் என்று வாயில் நுழையாத பெயர்களில் வந்த ஆசிய அபிவிருத்தி வங்கி, உலக வங்கித் திட்டங்கள் வீதி போட்டன, பள்ளிக்கூடம் திருத்தின, உடைந்துகிடந்த சிறுகுளங்களின் கட்டை உயர்த்தின. குளத்தில் தண்ணீர் நின்றது, கீழே நெல் விளைந்தது. விளைந்த நெல்லுக்குப் பயிலரங்கு தேவைப்படவில்லை.

2004 டிசம்பர் 26 காலை கடல் ஏறி வந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். கிண்ணியா ஆஸ்பத்திரி அழிந்தது. பிறகு வந்த இரண்டாவது அலையில் வெள்ளை லாண்ட் குரூசர்கள் வந்தன. உவர்மலையிலும் உப்புவெளியிலும் வீட்டு வாடகை ஏறியது; இங்கிலீஷ் தெரிந்த பொடியன்கள் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டுக் களப் பணியாளர் ஆனார்கள். வலை தொட்டறியாதவருக்கும் படகு கிடைத்தது. தொழில் தெரிந்தவருக்குக் கிடைத்த படகில் சில, கடலைக் கண்டதும் வாய் பிளந்தன. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று வடக்கு கிழக்குக்கு ஒரு சட்டம். தெற்கில் அது 100 மீற்றர். வங்காள விரிகுடாவின் அலைக்கு இரண்டு மடங்கு ஆவேசம் என்று கொழும்பில் யாரோ அளந்து பார்த்திருக்க வேண்டும். 2005 ஜூனில் அரசும் புலிகளும் சேர்ந்து சுனாமி உதவியைப் பங்கிடப் பொதுக் கட்டமைப்பு ஒன்றை எழுதினார்கள். ஜூலையில் உயர்நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டது. மூன்று கிழமை ஆயுள்.

அடுத்த வருஷம் மாவிலாறு. திருகோணமலைக்குத் தெற்கே ஒரு மதகு. 2006 ஜூலையில் புலிகள் பக்கத்தில் அதை மூடினார்கள். அரசின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயலுக்குத் தண்ணீர் நின்றது. மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ஆசிய அபிவிருத்தி வங்கிப் பணத்தில் வரும் குடிநீர்த் திட்டம் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த ஈச்சிலம்பற்றுப் பக்கம் வராது என்பது. போர் மூளப் பெரிய காரணங்கள் ஆயிரம் இருந்தன, உண்மைதான். ஆனால் நெருப்புக்குச்சியை உரசிய இடத்தில் ஒரு தண்ணீர்த்தாங்கியின் வரைபடமும் கிடந்தது. உதவிப் பணம் எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது என்பதை எங்கள் ஊரில் எல்லாரும் பார்ப்பார்கள், கொடுப்பவரைத் தவிர. மதகைத் திறக்கப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுத் தலைவர் உல்ஃப் ஹென்ரிக்சனே நேரில் போனார். அவர் நிற்கும்போதே ஷெல் விழுந்தது.

அந்த ஓகஸ்டில், மூதூரில், பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் அலுவலகத்தில் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பிடமும் அமைக்க வந்தவர்கள். நிறுவனத்தின் பெயர் எழுதிய சட்டையோடேயே இருந்தார்கள். இன்றுவரை யாருக்கும் தண்டனையில்லை.

இனி சம்பூர். இதைக் கொஞ்சம் ஆற அமரச் சொல்ல வேண்டும்.

மூதூருக்குக் கிழக்கே, கொட்டியாரக் குடாவின் ஓரம். வயல், மாடு, கடல் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஊர். பத்திரகாளி அம்மன் கோயில் பேர்போனது. 2006 ஏப்ரலில் விமானக் குண்டுக்கும் ஷெல்லுக்கும் சனம் ஓடியது. செப்டெம்பர் 4 இல் இராணுவம் ஊரைப் பிடித்தது. டிசம்பரில், சனம் இன்னும் வாகரைக் காட்டில் அலைந்துகொண்டிருந்தபோது, இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் திருகோணமலையில் 500 மெகாவாற் நிலக்கரி மின் நிலையம் கட்டப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. இடம், சம்பூர். வீட்டுக்காரர் ஓடிய வேகத்தைவிட வாடகைக்காரர் வந்த வேகம் அதிகம். 2007 மே மாதம் ஊரை உயர் பாதுகாப்பு வலயமாக அறிவித்தார்கள். 2012 இல் அதிலிருந்து 818 ஏக்கரை முதலீட்டுச் சபையின் பெருந்தொழில் வலயத்துக்கு ஒதுக்கினார்கள். ஒரு பக்கம் கடற்படை முகாம், ஒரு பக்கம் நிலக்கரி, ஒரு பக்கம் பெருந்தொழில். ஊரின் சொந்தக்காரர்கள் தவிர மற்ற எல்லாருக்கும் சம்பூரில் எதிர்காலம் இருந்தது.

சொந்தக்காரர்கள் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். அவர்களுக்கும் உதவி வந்தது. முதலில் உலருணவு: அரிசி, மா, பருப்பு, எண்ணெய். பிறகு வாழ்வாதாரம். அந்தக் கொட்டில்களில் நடந்திருக்கக்கூடிய பேச்சு ஒன்றை நானே எழுதிப் பார்க்கிறேன்:

“ஐயா, இந்தத் தவணையில உங்களுக்கு வாழ்வாதாரமா என்ன போடுறது? ஆடா, கோழியா?”

“தம்பி, எனக்குச் சம்பூரில அஞ்சு ஏக்கர் வயல் கிடக்கு. அதை எடுத்துத் தாங்களேன்.”

“அது எங்கட திட்டத்துக்குள்ள வராது ஐயா.”

“அப்ப கோழி எண்டு எழுதுங்கோ. ஆனா அதை எங்க விடுறது? கொட்டில் எட்டடிதானே?”

“இடம் பயனாளியின்ட பங்களிப்பு ஐயா.”

உள்நாட்டுப் போர் முடிந்த நாடுகளில் உதவி எப்போது பலிக்கும் என்று ஒக்ஸ்போர்ட்டின் போல் கொலியரும் அன்கே ஹோஃப்லரும் கணக்குப் போட்டு 2004 இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். முதல் மூன்று வருஷம் அப்படிப்பட்ட நாட்டால் வழக்கமான அளவு உதவியைத்தான் செரிக்க முடியும். நாலாவது வருஷத்திலிருந்து பத்தாவது வரை அதன் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆனால் உலகம் செய்து வந்தது நேர்மாறு. பட்டினி கிடந்தவனுக்கு முதல் நாளே புரியாணியைக் கொட்டிவிட்டு, வயிறு பழகிவரும் நேரம் பார்த்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது.

கிழக்கில் போர் 2007 இல் முடிந்தது. கொலியர் கணக்குப்படி எங்கள் மாவட்டத்தின் நல்ல காலம் 2011க்குப் பின். அதற்குச் சற்று முன்னர்தான், 2010 இல், இலங்கை நடுத்தர வருமான நாடு என்ற தகுதியைப் பெற்றது. நடுத்தர வருமானக்காரருக்குக் கொடை எதற்கு என்று பலர் மூட்டை கட்டினார்கள். சராசரி என்பது அற்புதமான சாமான். கொழும்புக் கோபுரத்தையும் கிளிவெட்டிக் கொட்டிலையும் கூட்டி வகுத்தால் எல்லாருக்கும் ஒரு நடுத்தர வீடு வந்துவிடும். வயல் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரை உதவி இரட்டிப்பானால் என்ன, நாலு மடங்கானால் என்ன? கோழி பெருகும், அவ்வளவுதான். என் கணக்கு கொலியருடையதைவிடச் சுருக்கமானது: காணி கையில் வந்த நாளிலிருந்துதான் வருஷத்தை எண்ண வேண்டும்.

சம்பூருக்கு அந்த நாள் 2015 ஓகஸ்டில் வந்தது. ஆட்சி மாறி, ஒதுக்கீட்டு வர்த்தமானி ரத்தாகி, 818 ஏக்கர் திரும்பியது. கடற்படை முகாம் இருந்த நிலம் 2016 இல் விடுபட்டது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு போனவர்களுக்குத் தங்கள் வளவைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வீடுகளை இயந்திரம் வழித்துத் தள்ளியிருந்தது. எஞ்சிய கிணற்றையும் மரத்தையும் வைத்து எல்லை பிடித்தார்கள். இதற்கிடையில் நிலக்கரி மின் நிலையம் அறிவித்த நாளிலிருந்து ஒரு மின்குமிழைக்கூட எரியவைக்கவில்லை. 2016 செப்டெம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டதாக அரசு உயர்நீதிமன்றத்தில் சொன்னது. பத்து வருஷம் ஊரைக் காவு வாங்கிய மின் நிலையம் கட்டப்படாமலே ஓய்வுபெற்றது.

பலித்தவையும் உண்டு. இந்திய வீட்டுத் திட்டத்தில் வீட்டுக்காரர் கணக்கிலேயே ஐந்தரை லட்சம் ரூபாயைத் தவணை தவணையாகப் போட்டார்கள். மேசனைப் பிடிப்பதும் மண் ஏற்றுவதும் அவரவர் பாடு. காசு போதாமல் தாலிக்கொடி அடகுக்குப் போன கதைகள் ஏராளம், சீமெந்து விலையும் ஏறியது. ஆனாலும் வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை வீட்டுக்காரி தீர்மானித்தாள். அப்படிக் கட்டிய வீட்டில் ஆட்டைக் கட்டிவைத்துவிட்டு வெளியே படுப்பவர் யாருமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வெற்றி கிண்ணியாப் பாலம். அதற்கு முன்னர் அங்கே படகுப் பாதைதான். லொறியும் சைக்கிளும் மீன்பெட்டியும் பிள்ளைத்தாய்ச்சியும் ஒன்றாக ஏறி நிற்க, பாதை அசைந்து அசைந்து அக்கரை சேரும். கடைசிப் பாதை போய்விட்டால் ராத்திரி கரையில்தான். காய்ச்சல்காரரும் விடியும்வரை காய்ச்சலோடு காத்திருக்க வேண்டும். சவூதி அபிவிருத்தி நிதியம் காசு கொடுத்தது. 396 மீற்றர் நீளத்தில், நாட்டிலேயே மிக நீளமான பாலமாக, 2009 ஒக்டோபர் 20 இல் திறந்தார்கள். பாலத்தில் எப்படி நடப்பது என்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அடுத்த நாளே சனம் நடந்தது. பிரான்ஸ் காசில் மற்றப் பாலங்களும் வர, மட்டக்களப்புக்குப் போகும் வழியில் பாதைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

மறையாமல் ஒன்று திரும்பி வந்தது. அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியின் பழைய பாலத்தைப் புதிதாகக் கட்டவென்று மூடிவிட்டு மாற்று ஏற்பாடாக விட்ட படகுப் பாதை 2021 நவம்பர் 23 காலையில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் செத்துப்போனார்கள். நாட்டிலேயே நீளமானது என்றால் கொடையாளி தேடி வருவார், திறந்துவைக்க ஜனாதிபதி வருவார். நாட்டிலேயே அவசரமானது என்பதற்கு நாடா வெட்டும் வழக்கம் இன்னும் ஏற்படவில்லை.

சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர் என்னை மன்னிக்க மாட்டார்கள். பிரித்தானியர் போருக்கு முன் கட்டியவை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு தாங்கியின் மேல் விழுந்து எரிந்தது. எஞ்சிய 99 இல் பல இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதத்தில், இவற்றை இரு நாடும் கூட்டாகத் திருத்தி இயக்கும் என்று எழுதினார்கள். 2003 இல் குத்தகை என்றார்கள், தாங்கிகள் சில பாவனைக்கு வந்தன. கூட்டுக் கம்பனி ஒன்று அமைத்து 61 தாங்கிகளைப் பற்றிக் கையெழுத்து வைத்தது 2022 ஜனவரியில். 35 வருஷம். அந்தக் கடிதம் கையெழுத்தான வருஷம் பிறந்த பிள்ளைக்கு அப்போது தலையில் நரை தட்டியிருக்கும். அதே வருஷம்தான் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைதூக்கி, நாமெல்லாம் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான தொன் கொள்ளும் தாங்கிகளை வேடிக்கை பார்த்தபடி.

நிலக்கரி போன இடத்துக்கு இப்போது சூரியன் வருகிறது. சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் நிலையம், இந்தியாவோடு கூட்டாக. 2025 ஏப்ரல் 5 இல் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் வேலையைத் தொடக்கிவைத்தார்கள். அதற்காக இருவரும் சம்பூருக்கு வரவில்லை. கொழும்பிலிருந்தபடியே திரையில் பார்த்து முடித்துவிட்டார்கள். அன்றே திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் இன்னொரு ஒப்பந்தமும் போட்டன. முன்னர் ஒரு அடிக்கல் என்றால் ஹெலிகொப்டர் இறங்க மைதானம் துப்புரவாக்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் கொடியோடு நிறுத்த வேண்டும், கச்சேரிக்காரருக்கு இரண்டு கிழமை நித்திரை போகும். அந்தச் செலவும் அலைச்சலும் இந்தமுறை மிச்சம். சம்பூர்ச் சனத்துக்கு அன்று வயலில் வேலை இருந்தது.